எம்.பி.பி.எஸ். குறைந்தால் எந்த டாக்டர்?

விளாத்திகுளம் என்றதும் விஷயம் தெரிந்தவர்கள் மூன்றைச் சொல்வார்கள். ஒன்று, கரிசல் மண். இரண்டு, மிளகாய் வத்தல். மூன்று, சங்கீதம். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்து அசத்திய விளாத்திகுளம் சுவாமிகள் வாழ்ந்த ஊர் அல்லவா!

இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. லேப்டாப்பில் சுற்றுகிற வட்டம்! சுவாமிகளின் ஆலாபனையாவது ஒரு கட்டத்தில் நிறைவுக்கு வரும். இந்த வட்டம் இருக்கிறதே... சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

விளாத்திகுளத்தை மட்டும் சொல்வானேன்? கோவில்பட்டி, சாத்தூர், குரோம்பேட்டை, எங்கே போனாலும் டீக்கடையில் இதே புலம்பல்தான். 'நூறு எம்.பி.பி.எஸ். பிளான் ஸார். மாசம் பிறந்தா டாண்ணு பணம் கட்றேன். ஒரு படம் ஒழுங்கா ஓட மாட்டேங்குது!'

உடனே நாம் செய்வது என்ன? கம்பெனிக்காரனைத் திட்டுவோம். சுகமான பொழுதுபோக்கு. செலவும் இல்லை. ஆனால் திருடன் பல சமயம் வீட்டுக்குள்ளேயே, பீரோவுக்குப் பின்னாலேயே ஒளிந்திருக்கிறான் என்பதுதான் வேடிக்கை.

நான் இன்ஜினீயர் இல்லை. தூத்துக்குடியில் ஓர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். பிரின்டர் மக்கர் பண்ணினாலும் நெட் படுத்தாலும் 'அவரைக் கூப்பிடுங்க' என்று எல்லோரும் கை காட்டுகிற ஆசாமி. ஆபீஸுக்கு ஒருவர் இப்படி இருப்பார், கவனித்திருப்பீர்கள். அந்தத் தகுதியில்தான் விளாத்திகுளத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனேன்.

ஒண்ணாம் தேதி கெடு

நோயாளி என் சித்தப்பா வீட்டு ரவுட்டர். உண்மையான நோயாளி சித்தப்பா. பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்கவே ஓர் ஆண்பிள்ளை வேண்டும். அதற்காகத்தான் சென்னையில் வேலையிலிருந்த தம்பி, ஆபீஸில் மன்றாடி அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அமெரிக்கக்காரர்களோடு பேசும் வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்றரை வரை.

அந்த நேரம் பார்த்துத்தான் நெட் காலை வாரும். பேசிக்கொண்டே இருப்பான், முகம் உறையும், குரல் இழுக்கும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகும். அப்புறம் மொத்தமாகப் போய்விடும்.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்? 'ஒண்ணாம் தேதிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா சென்னைக்கு வந்து சேரு' என்று சொல்லிவிட்டார். சென்னைக்குப் போனால் சித்தப்பாவை யார் தூக்குவது? போகாவிட்டால் மருந்துக்கு யார் பணம் தருவது?

கம்பெனிக்கு மூன்று தடவை புகார் போயிற்று. மூன்று தடவையும் ஆள் வந்தார். காலை பதினோரு மணிக்கு வருவார். பச்சை லைட் எரியும். ஸ்பீடு பார்த்தால் ஜம்மென்று இருக்கும். 'லைன் நல்லா இருக்கு தம்பி. சாயங்காலம் எல்லாரும் பார்க்கிறதால லோடு அதிகம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நான் தம்பிக்குப் போனில் ஒன்றே ஒன்று சொன்னேன். 'ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடு. எப்பெப்ப நெட் போகுது, எப்பெப்ப வருது, அப்ப ரவுட்டர்ல என்ன லைட் எரியுது... எல்லாத்தையும் எழுது. சனிக்கிழமை நான் வாரேன்.'

கடைசியில் கேஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த நோட்டுதான்.

டாக்டர் அல்ல, பிட்!

வைத்தியத்துக்கு முன்னால் கொஞ்சம் உடற்கூறு. சித்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: 'எம்.பி.பி.எஸ். நூறுங்கானே, இம்புட்டு டாக்டர் இருந்தும் ஏன்யா குணமாகலை?'

சிரிக்காதீர்கள். படித்தவர்களே தடுக்கி விழும் இடம் இது. நூறு எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு நூறு மெகாபிட். பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். உங்கள் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை இறக்கும்போது காட்டுவது பெரும்பாலும் பைட் கணக்கு. ஆகவே நூறு பிளான் வைத்திருப்பவருக்கு நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் வந்தால் அது முழு மார்க்! 'நூறு தரேன்னு சொல்லிட்டுப் பன்னிரண்டுதான் தரான்' என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

நூறு நமக்கு எதற்கு என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். நல்ல தெளிவான படத்துக்கு ஐந்து மெகாபிட், மிக உயர்ந்த 4கே படத்துக்கு 15 மெகாபிட் போதும் என்பது நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிற கணக்கு. வீடியோவில் முகம் பார்த்துப் பேச அதைவிடக் குறைவே போதும்.

பழைய கதையை நினைத்தால் இது ராஜபோகம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, டெலிபோன் வழியாக நொடிக்கு 9.6 கிலோபிட் கிடைத்தது. ஐந்து மெகாபைட் பாட்டு ஒன்றை இறக்க ஒரு மணி பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நடுவில் யாராவது போன் செய்தால் பாட்டு அம்பேல். நூறு மெகாபிட்டில் அதே பாட்டு அரை நொடிகூட ஆகாது. 2005 பொங்கலுக்கு பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' கொண்டுவந்தபோது 256 கிலோபிட்டுக்கே 'பிராட்பேண்ட்' என்று பெயர். 2013-ல் அந்தக் கீழ்வரம்பு 512 ஆயிற்று. 2023-லிருந்து குறைந்தது இரண்டு மெகாபிட் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று அழைக்கலாம்.

முதலில் ஒயர், அப்புறம் மற்றது

வைத்தியர் முதலில் நாடி பிடிப்பார். நமக்கு நாடி, ஒயர்.

வீட்டிலுள்ள எல்லா போன், டி.வி.யையும் நெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். லேப்டாப்பை லேன் ஒயரால் ரவுட்டரோடு நேரடியாகச் சொருகுங்கள். ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டு ரவுட்டர் பக்கத்திலேயே நின்று வைஃபையில் ஒரு டெஸ்ட். அப்புறம் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு டெஸ்ட். இதையே காலை, மதியம், ராத்திரி ஒன்பது மணி என்று மூன்று வேளை செய்யுங்கள், மாத்திரை சாப்பிடுவதுபோல.

ஒயரில் நன்றாக இருந்து வைஃபையில் மோசம் என்றால் வியாதி உங்கள் வீட்டுக்குள். ஒயரிலேயே மோசம் என்றால் ரவுட்டரிலோ வெளி லைனிலோ. எந்த நேரமும் மோசமா, குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா என்பது அடுத்த துப்பு. இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் ரவுட்டரை மாற்றுவது, காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் கட்டிலை மாற்றுவது மாதிரி.

சித்தப்பா வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு ஒயரில் 94. ஆறு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். தபால் அனுப்பினால் கவருக்கும் எடை உண்டில்லையா? அதுபோல ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விலாசச் சுமை உண்டு. நூறு மெகாபிட் போர்ட்டில் 94 வந்தால் அது பூரண ஆரோக்கியம்.

(இருநூறு, முந்நூறு பிளான் வைத்திருந்தும் உங்களுக்கு எப்போதும் 94-லேயே நிற்கிறதா? ரவுட்டரின் போர்ட் நூறு மெகாபிட் ஜாதியா என்று பாருங்கள். இல்லையென்றால் லேன் ஒயரைப் பாருங்கள். அதற்குள் நாலு ஜோடிக் கம்பிகள் உண்டு. வேகமான போர்ட்டுக்கு நாலும் வேண்டும். எலி கடித்தோ, மடங்கியோ ஒரு ஜோடி போனால் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும்.)

ரவுட்டர் பக்கத்தில் வைஃபை: 70. தம்பி வேலை பார்க்கும் மாடி ரூமில்: 6!

ஆக, ஒரு வியாதி சிக்கிவிட்டது.

பீரோவும் வடையும்

ரவுட்டர் எங்கே இருந்தது தெரியுமா? கீழ் அறை மூலையில், இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஸ்டூலில். மேலே தூசி படாமலிருக்க சித்தி அழகாக ஒரு பூத்துண்டு வேறு போர்த்தியிருந்தார்.

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதற்கு எமன். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு அதற்குத் தம்பி. தண்ணீர்த் தொட்டி, கம்பி வைத்த கான்கிரீட் தளம் எல்லாம் சொந்தக்காரர்கள். கரிசல் காட்டு வீடுகளின் கனத்த சுவர் வெயிலைத் தடுக்கும். கூடவே வைஃபையையும் தடுக்கும். பூத்துண்டு அலையைத் தடுக்காது. ஆனால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. சித்திரை வெயிலில் சட்டைக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு உங்களால் ஓட முடியுமா? ரவுட்டருக்கும் முடியாது.

ஆன்டெனா விஷயமும் கேளுங்கள். ரவுட்டரின் குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போவதில்லை. ஓர் உளுந்த வடையை எடுத்து, ஓட்டை வழியாகக் குச்சியைச் செருகினால் எப்படி இருக்கும்? குச்சிதான் ஆன்டெனா. வடை இருக்கும் பக்கமெல்லாம் அலை. குச்சியின் நுனிக்கு நேராக ஒன்றும் பெரிதாக இல்லை. ஆக, செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா அதே தளத்தில் நன்றாகப் பரப்பும். நேர் மேலே இருக்கும் மாடிக்குக் கஞ்சத்தனம் காட்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றை நிற்க வையுங்கள், ஒன்றைப் படுக்க வையுங்கள்.

அடுத்தது 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும், ஆனால் நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸ் படுவேகம், ஆனால் சுவரைக் கண்டால் திரும்பிவிடும். ஒரே அறையில் இருந்தால் ஐந்து, தூரத்தில் இருந்தால் 2.4. இவ்வளவுதான் சூத்திரம். 2.4-ல் லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வைஃபை வைத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் அரசு சொன்னதிலிருந்து தெருவே அங்கேதான் கூடாரம் போட்டிருக்கிறது. புளூடூத் அங்கே. மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலையில்தான் சோறு சூடாக்குகிறது.

2.4-க்குள் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. கோயில் கொடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மைக்செட் அலறினால் எந்தப் பாட்டும் கேட்காதல்லவா? அதே கதைதான். போனில் வைஃபை அனலைசர் ஒன்றைப் போட்டு, தெருவில் எந்தச் சேனல் காலியாக இருக்கிறது என்று பார்த்து அங்கே குடியேறுங்கள்.

இவ்வளவு கசகசப்புக்கு நடுவிலும் வைஃபை வேலை செய்வதே ஓர் அதிசயம். அதற்கான முக்கியமான வித்தை ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் என்ற ரேடியோ வானியல் விஞ்ஞானியும் அவர் சகாக்களும், சுவரில் பட்டு எதிரொலித்துக் குழம்பும் அலைகளைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்து 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். அவர் முன்பு தேடிக்கொண்டிருந்தது வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் சிக்னலை. அது கிடைக்கவில்லை. நமக்கு வைஃபை கிடைத்தது!

மாடிக்கு என்ன செய்தோம்? சந்தையில் 'ரிப்பீட்டர்' என்று ஒன்று விற்கிறார்கள். அது ஒயரில்லாமல் வாங்கி, ஒயரில்லாமலே கொடுக்கும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே வாயால் என்றால் வேகம் பாதியாகக் குறையலாம். அதனால் அதை விட்டோம். கீழேயிருந்து மாடிக்கு 'கேட்-6' லேன் ஒயர் ஒன்றை இழுத்து, தம்பியின் மேஜையிலேயே சொருகிவிட்டோம். சம்பளம் தரும் கம்ப்யூட்டருக்கு ஒயர், சினிமா பார்க்கும் போனுக்கு வைஃபை. இதை ஒரு கொள்கையாகவே வைத்துக்கொள்ளலாம்.

மாடியில் இப்போது 94. தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். 'அண்ணே, முடிஞ்சுதுண்ணே!'

'பொறு. இன்னும் சாயங்காலம் வரலை' என்றேன்.

ஆறு மணிக்கு வரும் சனி

நோட்டைப் புரட்டினேன். ஏழு நாளும் ஒரே கதை. பகல் பூராவும் சுகம். சாயங்காலம் ஆறு, ஆறேகாலுக்குத் தொல்லை ஆரம்பம்.

சாயங்கால லோடு என்று கம்பெனிக்காரர் சொன்னது பொய்யல்ல. அப்படி ஒன்று உண்டு. கண்ணாடி இழை இணைப்பில் ஜிபான் என்ற முறையில், சுமார் இரண்டரை கிகாபிட் வரும் ஓர் இழையைக் கிளை பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுப்பார்கள். 32 வீடும் ஒரே நொடியில் முழு மூச்சாக இழுத்தால் வீட்டுக்கு 77 மெகாபிட்தான். 64 என்றால் 39. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் பிழைப்பு ஓடுகிறது. கல்யாணப் பந்தியில் முந்நூறு இலையை வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை அழைப்பதில்லையா, அப்படி!

ஆனால் லோடுதான் காரணம் என்றால் ஊர் தூங்கியதும் சரியாகிவிட வேண்டுமே? நோட்டில் நள்ளிரவு 12.50-க்கும் 'கட்' என்று எழுதியிருந்தது. விளாத்திகுளத்தில் ராத்திரி ஒரு மணிக்கு யார் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இன்னொரு வரி இன்னும் முக்கியம். 'கட் ஆகும்போது சிவப்பு லைட் மினுக்குது.'

ரவுட்டரில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பானால் அர்த்தம் ஒன்றுதான். கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி சரியாக வந்து சேரவில்லை. நெரிசலால் வேகம் குறையலாம். சிவப்பு விளக்கு எரியாது. ரோட்டில் கூட்டம் வேறு, பாலம் இடிந்தது வேறு.

ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தேன். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களில் அந்தக் கதவு திறக்கும் (ரவுட்டரின் வயிற்றில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள், நம்பரும் பாஸ்வேர்டும் இருக்கும்). அதில் ஒளியின் அளவைக் காட்டும் 'ஆர்.எக்ஸ். பவர்' என்ற இடம். மைனஸில்தான் இருக்கும், பயப்படாதீர்கள். மைனஸ் 15-லிருந்து 25 வரை நலம். மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனால் பல ரவுட்டர்கள் தள்ளாட ஆரம்பித்துவிடும். ஐந்தே முக்காலுக்கு மைனஸ் 21 காட்டியது. நல்ல மார்க்.

நானும் தம்பியும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு அடித்தது. ஆறு ஐந்து... மைனஸ் 28! சிவப்பு விளக்கு மினுக்கியது.

மைனஸ் 21-க்கும் 28-க்கும் ஏழுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் ஒளி பாதி. ஏழு குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

'சித்தி, இப்ப என்ன செஞ்சீங்க?'

கொசுவத்திச் சுருளோடு சித்தி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். 'நான் என்னய்யா செஞ்சேன்? பொழுது அடைஞ்சா கொசு பிடுங்குது. ஜன்னலைச் சாத்தினேன். உங்க சித்தப்பாவால கையைத் தூக்கி விரட்டவா முடியும்?'

ஓடிப் போய்ப் பார்த்தோம். கேபிள்காரர் இழையை ஜன்னல் சட்டத்தின் ஓரமாகத்தான் உள்ளே கொண்டுவந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தால் அது சும்மா தொங்கும். கதவைச் சாத்தினால் மூலையில் நசுங்கி, முழங்கையை மடக்கினதுபோல் மடங்கும். காற்றடித்துக் கதவு ஆடினால் கூடக் கொஞ்சம் நசுங்கும். விடிந்ததும் சித்தி ஜன்னலைத் திறப்பார். நெட் குணமாகிவிடும். பதினோரு மணிக்கு ஆள் வருவார். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போவார்!

வளையல் சைஸ் விதி

இந்த இழை செம்புக் கம்பி அல்ல. கண்ணாடி. மேலுறையை நீக்கினால் தலைமுடி தடிமன்தான். ஒளி அதற்குள் சுவரில் மோதி மோதி உள்ளேயே திரும்பி ஓடுகிறது. மெல்ல வளைத்தால் ஒளியும் வளைந்து வரும். சட்டென்று மடக்கினால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும், குழாயில் ஓட்டை விழுந்ததுபோல. சாதாரண இழைக்குச் சொல்லப்படும் பாதுகாப்பான அளவு மூன்று சென்டிமீட்டர் ஆரம். அதாவது ஆறு சென்டிமீட்டர் குறுக்களவு. இது புரியாவிட்டால் சித்தி கையைப் பாருங்கள். 'ரெண்டு ஆறு' சைஸ் வளையல் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த வளையலைவிடச் சின்ன வட்டமாக இழையை எங்கேயும் சுருட்டாதீர்கள், மடக்காதீர்கள், ஆணியில் மாட்டாதீர்கள்.

அன்றைக்கே இழையை ஜன்னலிலிருந்து மெதுவாக எடுத்து, மேலே வென்டிலேட்டர் வழியாகப் பெரிய வளைவாக விட்டோம். ஜன்னலைச் சாத்தினோம். மைனஸ் 21! திறந்தோம். மைனஸ் 21! மறுபடி சாத்தினோம். 'விளையாடாதீகடா, கொசு வருது!' என்று சித்தி அதட்டல் போட்டார்.

ராத்திரி மீட்டிங் ஒன்றரை மணி வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. திங்கட்கிழமை கம்பெனி ஆளை வரவழைத்து, நசுங்கின பகுதியை வெட்டி எறிந்து புது கனெக்டர் போடச் சொன்னோம். நோட்டைக் காட்டினதும் அவர் மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தார். அதை நாமே செய்யக்கூடாது. தனி மெஷின் வேண்டும். வெட்டின இழையின் முனையைக் கண்ணருகே வைத்து 'லைட் வருதா' என்று பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

ஒண்ணாம் தேதி வந்தது, போனது. தம்பி விளாத்திகுளத்தில்தான் இருக்கிறான். சித்தப்பாவைக் காலையில் திண்ணைக்குத் தூக்கி வந்து உட்கார வைக்கிறான்.

பொட்டலங்களின் கியூ

இன்னும் ஒரு சில்லறை வியாதி. ஸ்பீடு டெஸ்ட் நன்றாக இருக்கும், ஆனால் பேசும்போது மட்டும் குரல் திக்கும். காரணம் பெரும்பாலும் மேலே ஏற்றும் பாதையில் கியூ. வாசல் கேமரா இருபத்துநாலு மணி நேரமும் படத்தை எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்குப் போய்வந்த போன் முந்நூறு போட்டோவைத் தானாகவே ஏற்றிக்கொண்டிருக்கும். நடுவில் உங்கள் குரல், ரேஷன் கடைக் கியூவில் கடைசி ஆளாய் நிற்கும். போட்டோ பத்து நொடி தாமதமாகப் போனால் பரவாயில்லை. குரல் அரை நொடி தாமதமானாலே ரசாபாசம். ரவுட்டரில் 'க்யூ.ஓ.எஸ்.' என்ற வசதி இருந்தால் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லையென்றால் போட்டோ ஏற்றுவதை நடுராத்திரிக்குத் தள்ளுங்கள்.

நம் கையில் இல்லாத சங்கதிகளும் உண்டு. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோதும் இங்கே நெட் நொண்டியது. நம் தூத்துக்குடிக்கே அந்த உறவு உண்டு. 2006-ல் தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் நடுவே 'பாரத் லங்கா' கேபிளைப் போட்டார்கள். முத்துக் குளித்த கடலில் கேபிளும் குளிக்கிறது! 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் நம் மாவட்டமே மிதந்தபோது போனும் நெட்டும் செத்துக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அதற்கெல்லாம் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் பலன் இல்லை.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்

* எதற்கும் முன்னால் ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். பாதி கேஸ் இதிலேயே தீரும். தினமும் செய்ய வேண்டியிருந்தால் அது வைத்தியம் அல்ல, வியாதியின் அறிகுறி.

* ரவுட்டர் வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், காற்றோட்டமாக இருக்கட்டும். பீரோ, டி.வி. பின்பக்கம், நிலைக்கண்ணாடி வேண்டாம்.

* கரண்ட் கண்ணாமூச்சி ஆடும் ஊர் என்றால் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யு.பி.எஸ். போடுங்கள். கூடவே வந்த அடாப்டரையே மாட்டுங்கள். வோல்ட்டேஜ் வேறான அடாப்டர் ஆபத்து.

* வைஃபை பாஸ்வேர்டு உங்கள் செல் நம்பராக இருந்தால் இன்றே மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் செலவில் கிரிக்கெட் பார்க்கிறான். ரவுட்டருக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

* மாதக் கடைசியில் மட்டும் நெட் நத்தையாகிறதா? உங்கள் பிளானில் இத்தனை ஜி.பி.க்கு மேல் வேகம் குறையும் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். படியுங்கள்.

* புகார் செய்தால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் 2012-ல் கொண்டுவந்த விதி இது. தேதி, நேரம், ஒயரில் எடுத்த ஸ்பீடு, விளக்கின் நிறம் எல்லாம் எழுதின நோட்டு கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்குத் தனி மரியாதை.

இத்தனையும் செய்தும் வட்டம் சுற்றுகிறதா? இப்போது தாராளமாகக் கம்பெனிக்காரரைத் திட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு தடவை... ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள்!